லாஸ் ஏஞ்சலஸ் படுகையின் ஓசோன் கணக்கு

1943 ஜூலையில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையத்தில் பட்டப்பகலில் மூட்டம் இறங்கியது. கண்கள் எரிந்து நீர் வடிந்தன, தொண்டை கமறியது, மூன்று தெருவுக்கு அப்பால் கட்டடம் தெரியவில்லை. போர்க்காலம். ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டார்கள் என்றே பலர் அஞ்சினர். அச்சம் தெளிந்ததும், ஆலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காகப் பியூட்டாடையீன் தயாரித்துவந்த ஆலையின்மேல் பழி விழுந்தது. ஆலையைச் சில காலம் மூடிப் பார்த்தார்கள். மூட்டம் விலகவில்லை.

அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்த வட்டாரம் ஏதாவதொரு புகைபோக்கியைத் தேடிக்கொண்டே இருந்தது. 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கெனக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று பிறந்தது. அதன் முதல் இயக்குநர் லூயி மெக்கேப் நிலக்கரித் துறை அறிந்தவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தகத்தைக் குறைத்தார்கள். குப்பைமேடுகளில் தீ மூட்டுவதைத் தடுத்தார்கள். 1957இல் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளையும் ஒழித்தார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. லண்டனிலோ பிட்ஸ்பர்க்கிலோ செய்திருந்தால் பெரும்பலன் கிடைத்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் கண்ணெரிச்சல் அப்படியே இருந்தது.

விடை வந்தது அன்னாசிப்பழத்தின் வழியாக. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் அப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தறிந்துகொண்டிருந்தவர், டச்சு நாட்டில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித். பழத்தின் மணத்தைக் குளிரவைத்துப் பிடிக்கும் அதே முறையில் ஊர்க்காற்றையும் இழுத்துப் பிடித்தார். பழுப்பு நிறத்தில், மூக்கைத் துளைக்கும் நெடியோடு சில துளிகள் தேறின. அடுத்து, பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டையாக்சைடையும் கலந்து வெயில் படும்படி வைத்தார். அந்தக் கலவையில் வைத்த ஸ்பினாச் கீரையின் இலையடி வெள்ளி பூத்ததுபோல் மினுங்கியது. வட்டாரத்து விவசாயிகள் தோட்டத்தில் கண்டு கலங்கிய அதே நோய். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் வெடிப்பு ஓடியது; அந்த ஊரில் கார் டயர்கள் சீக்கிரமே வெடிப்பு விட்டதன் காரணமும் அதுதான். ரப்பரை அப்படி வெடிக்கச் செய்வது ஓசோன். 1950களின் தொடக்கத்தில் அவர் இதை வெளியிட்டபோது, எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடந்த எதிராய்வு ஒன்று அவரை மறுத்தது. மறுப்பு அவரை உசுப்பிவிட்டது என்றே சொல்ல வேண்டும்; மணப்பொருள் ஆய்வை ஓரங்கட்டிவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கினார். 1968இல் கலிபோர்னியா மாநிலக் காற்றுவள வாரியம் இயங்கத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அவர் கண்டதன் சாரம் இது: தரைமட்ட ஓசோனை யாரும் வெளியேற்றுவதில்லை. அது காற்றிலேயே, வெயிலில் உருவாகிறது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டையாக்சைடைச் சூரிய ஒளி உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. உடைந்து மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைத் திருப்பி அழித்துவிட வேண்டும். கணக்கு அதோடு நேராகிவிடும். ஆனால் பெட்ரோல், பெயின்ட், கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இடையில் புகுந்து, நைட்ரிக் ஆக்சைடை ஓசோனின் உதவியில்லாமலே மீண்டும் டையாக்சைடாக்கிவிடுகின்றன. அழிக்க ஆளில்லாமல் ஓசோன் சேர்ந்துகொண்டே போகிறது.

சேர்வதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் அந்த நிலப்பரப்பு தாராளமாகத் தருகிறது. மேற்கே கடல், வடக்கிலும் கிழக்கிலும் சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ மலைத்தொடர்கள், மேலே மூடிபோட்டதுபோல் வெப்பக் காற்றடுக்கு. துறைமுகத்திலும் நகர மையத்திலும் காலையில் எழும் புகை, கடற்காற்றோடு கிழக்கே நகர்கிறது. பிற்பகலில் ரிவர்சைடையும் சான் பெர்னார்டினோவையும் சேரும்போது அது ஓசோனாக முற்றியிருக்கும். மலைமேல் கிரெஸ்ட்லைன் என்றொரு சிற்றூர். பெரிய ஆலையோ நெடுஞ்சாலை நெரிசலோ அங்கில்லை; பைன் மரங்களும் ஏரியும்தான். படுகையிலேயே மிக உயர்ந்த ஓசோன் அளவுகள் பல ஆண்டுகள் பதிவானது அங்கேதான். அந்த மலைகளில் பாண்டரோசா பைன்களின் ஊசியிலைகள் மஞ்சளித்து உதிர்வதற்கு ஓசோனே காரணம் என்பது 1960களில் உறுதியாயிற்று. புகை கக்கும் சாலையோரத்திலோ ஓசோன் குறைவு. புதிய நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடுகிறது. செய்தவன் ஓரிடம், அனுபவிப்பவன் வேறிடம்.

மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனிக் கட்டுப்பாடு என்ற ஏற்பாடு இதற்குப் பொருந்தாது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். விளங்கினாலும், நடைமுறைக்கு வர 1977 ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச், ரிவர்சைட், சான் பெர்னார்டினோ ஆகிய நான்கு மாவட்டங்களையும் தழுவித் தென்கடற்கரைக் காற்றுத் தர மேலாண்மை அமைப்பு உருவானது. அதன் எல்லையை வகுத்ததில் மலைக்கும் காற்றோட்டத்துக்கும் பங்கு உண்டு. என் மதிப்பில், ஹாகன்-ஸ்மித்தின் கண்டுபிடிப்புக்கு அடுத்த பெரிய நிகழ்ச்சி இந்த இணைப்புத்தான். வரலாறு எழுதுவோர் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை.

அந்த அமைப்பு எழுதும் திட்டம், நம்மூர் வழக்கில் சொல்லும் செயல்திட்ட அறிக்கை அல்ல. சட்டம் கேட்கும் கணக்கு. முதலில், படுகைக்குள் எந்த மூலத்திலிருந்து நாளொன்றுக்கு எத்தனை டன் வெளியேறுகிறது என்ற பட்டியல். பிறகு, அந்தப் புகையையும் வெயிலையும் காற்றையும் கணினியில் ஓட்டி, எத்தனை டன் குறைந்தால் ஓசோன் தரத்துக்குள் அடங்கும் என்ற மதிப்பீடு. அதன்பின், அந்த டன்களை எந்த விதி, எந்த ஆண்டுக்குள் குறைக்கும் என்ற பொறுப்புப் பிரிப்பு. திட்டம் மாநில வாரியத்தைக் கடந்து கூட்டாட்சி அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். தவறினால் சாலைகளுக்கான கூட்டாட்சி நிதி நிறுத்தப்படலாம். புதிதாக ஒரு விரைவுச்சாலை போட நினைத்தாலும், அதில் ஓடப்போகும் வண்டிகளின் புகை திட்டத்தில் ஒதுக்கிய அளவுக்குள் அடங்குமெனக் காட்டியாக வேண்டும். இந்தப் பிடி இல்லாவிட்டால் எல்லாம் ஏட்டுச்சுரைக்காயே.

தரமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1979இல் ஒரு மணி நேரச் சராசரி 0.12 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.12 பங்கு), 1997இல் எட்டு மணி நேரச் சராசரி 0.08, 2008இல் 0.075, 2015இல் 0.070. அளக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மிக மோசமான மூன்று நாள்களை விட்டுவிட்டு நான்காவது நாளின் அளவை எடுத்து, மூன்றாண்டுச் சராசரி காண்கிறார்கள். வானிலையின் குறும்புக்கு அவ்வளவு சலுகை. அதையும் மீறித் தவறும் வட்டாரங்களை, கூட்டாட்சி அரசின் காற்று மாசுச் சட்டத்துக்கு 1990இல் வந்த திருத்தம் ஐந்து படிகளாகப் பிரித்தது. ‘அதிதீவிரம்’ என்ற கடைசிப் படியில் அப்போது வைக்கப்பட்ட ஒரே வட்டாரம் லாஸ் ஏஞ்சலஸ்.

பெரிய மூலங்களை அடக்கியபின் திட்டம் சின்னவற்றைத் தேடிப் போயிற்று. பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பும்போது வெளித்தள்ளப்படும் ஆவியை அதே குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்றார்கள். பெயின்ட்டில் கரைப்பானின் அளவுக்கு வரம்பு வைத்தார்கள். கரி அடுப்பைப் பற்றவைக்கும் திரவத்துக்கும் விதி வந்தது. பெரிய ரொட்டி ஆலைகளின் அடுப்புகள்கூடத் தப்பவில்லை: மாவு புளிக்கையில் ஈஸ்ட் உண்டாக்கும் எத்தனால், ரொட்டி வேகும்போது ஆவியாகி வெளியேறுகிறது. ரொட்டி வாசனைக்கும் கணக்கா என்று கேலி செய்தவர்கள் உண்டு. டன் கணக்கில் பார்த்தால் கேலிக்கு இடமில்லை.

நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரஜன் டையாக்சைடையும் சேர்த்துச் சொல்லும் நைட்ரஜன் ஆக்சைடு பற்றிய விவகாரம் இதைவிடச் சிக்கலானது. 1966இல் கலிபோர்னியா புதுக் கார்களின் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் கட்டுப்படுத்தியது. தயாரிப்பாளர்கள் எஞ்சினில் எரிப்பைத் திருத்தி அதைச் சாதித்தார்கள். விளைவாக நைட்ரஜன் ஆக்சைடு கூடிப்போயிற்று. மூன்றையும் ஒருசேர அடக்கும் வினையூக்கி மாற்றி 1970களின் பிற்பகுதியில் வந்தபின்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இன்னொரு முடிச்சு ஞாயிற்றுக்கிழமை. அன்று டீசல் லாரிகள் குறைவு, நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. ஓசோனோ பல இடங்களில் வார நாள்களைவிட அதிகம். ‘பார்த்தீர்களா, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோன் கூடுகிறது, குறைக்காதீர்கள்’ என்று வாதாடத் தொழில்துறைக்கு இது வசதியாகப் போயிற்று. கவனிப்பு சரி, முடிவு தவறு. ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடு கொஞ்சம் குறைந்தால் நகர மையத்தில் ஓசோன் ஏறத்தான் செய்யும். மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், ஓசோன் உண்டாகவே மூலப்பொருள் இல்லாத நிலை வரும். இடையிலுள்ள மேட்டைக் கடந்தே ஆக வேண்டும். நகரவாசியின் சில ஆண்டுக் கஷ்டத்தையும் மலையடிவாரத்தானின் நெடுநாள் நன்மையையும் ஒரே தராசில் வைக்க, படுகை முழுவதற்கும் பொறுப்பான ஓர் அமைப்புக்குத்தான் முடியும்.

பலன் கண்கூடு. 1955இல் ஒரு மணி நேர ஓசோன் 0.68 பிபிஎம் வரை போனது. அதன்பின் மக்கள்தொகை ஏறத்தாழ மும்மடங்காகி 1 கோடியே 70 லட்சத்தை எட்டியும், இன்று மிக மோசமான நாளில்கூட அதில் மூன்றிலொரு பங்கைத் தொடுவதில்லை. ஆயினும் எட்டு மணி நேரக் கணக்கில் படுகை இன்னும் 0.100 பிபிஎம்முக்கு மேலேயே நிற்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இறக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஏன் என்பதை அமைப்பின் 2022ஆம் ஆண்டுத் திட்டமே ஒளிக்காமல் சொல்கிறது. நைட்ரஜன் ஆக்சைடில் பெரும்பகுதி லாரி, ரயில் எஞ்சின், விமானம், கப்பல் ஆகிய நகரும் மூலங்களிலிருந்து வருகிறது. ஆலைக்கும் அடுப்புக்கும் விதி செய்ய அமைப்பால் முடியும். சாலை வண்டிக்கு மாநிலம். அதற்கும் கூட்டாட்சி அரசின் இசைவு வேண்டும். ரயிலுக்கும் விமானத்துக்கும் வாஷிங்டன். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் என்னும் இரட்டைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சர்வதேச ஒப்பந்தம். 2025 ஜூனில் அமெரிக்க அரசு, கலிபோர்னியாவின் மின்கார், தூய லாரி விதிகளுக்குத் தந்திருந்த இசைவை நாடாளுமன்றத் தீர்மானத்தின் வழியாக ரத்துசெய்தது. மாநிலம் வழக்குத் தொடுத்தது. திட்டம் நம்பியிருந்த டன்களில் ஒரு பகுதி இப்போது நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2015ஆம் ஆண்டுத் தரத்தை எட்ட வேண்டிய கெடுவோ 2038 ஆகஸ்ட், அது நகரவில்லை.

இந்தியாவிலும் ஓசோனுக்கு 2009 முதல் தரம் உண்டு: எட்டு மணி நேரத்துக்குக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. ஆனால் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் துகள்மாசையே இலக்காகக் கொண்டது. நகரம் நகரமாகத்தான் பட்டியலும் போட்டது. மாநில எல்லை தாண்டி ஒரு காற்றுப் படுகையை நிர்வகிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஆணையம், டெல்லி வட்டாரத்துக்கென 2021இல் வந்ததுதான். நம் சூழலியல் துறையினரிடம் வைக்கும் வேண்டுகோள் இதுவே: அடுத்த திட்டம் எழுதும்போது நகராட்சி வரைபடத்தை ஒதுக்கிவிட்டுக் காற்றோட்ட வரைபடத்தை முதலில் விரியுங்கள்; நகரத்துக்குக் காற்றுப்போக்கில் கீழ்ப்புறமுள்ள வயல்வெளிகளில் ஓசோன் அளவிகளை வையுங்கள்; யார் எத்தனை டன் குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் எந்த நிதி நிற்கும் என்பதையும் அதே ஏட்டில் எழுதிவிடுங்கள்.