சுடருக்கு அஞ்சாத கண்ணாடி

எமது பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் பயின்ற எந்தத் தலைமுறையினரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டோம். பன்சன் சுடரடுப்பின் மேல் முகவையில் நீர் கொதிக்கும். முகவைக்கு எதுவும் நேராது. அதே கொதிநீரை வீட்டிலுள்ள தடித்த கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் 'டக்' என்று வெடித்துவிடும். இரண்டும் கண்ணாடியே. இந்த வேறுபாட்டின் வரலாறு ஆய்வுகூடத்தில் பாதியும் சமையலறையில் பாதியுமாக எழுதப்பட்டது என்பதை நாம் பலரும் அறிந்திருக்கவில்லை.

மணல், சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிச் செய்வது சாதாரண கண்ணாடி. அது வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கொதிநீர் பட்ட உட்புறம் உடனே விரிய, வெளிப்புறம் குளிர்ந்தபடியே இருக்கும். இதனால் வெளிப்புறம் இழுபடுகிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலே போதும், அது பிளவாகிவிடும். ஆகவே கண்ணாடியைத் தடிப்பாக்குவதில் பயனில்லை. விரிவைக் குறைக்க வேண்டும்.

அந்த வழியைக் கண்டவர் ஜேர்மனியரான ஒட்டோ ஷொட். 1884இல் ஜெனா நகரில் ஏர்ண்ஸ்ட் அபே, கார்ல் சைஸ் ஆகியோருடன் சேர்ந்து கண்ணாடி ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். புதிய சேர்க்கைகளை ஒவ்வொன்றாக உருக்கி அளந்து பார்த்தவர், போரன் ஒட்சைட்டைச் சேர்த்தால் விரிவு வெகுவாகக் குறைவதைக் கண்டார். ஒரு மீற்றர் நீளமான சாதாரண கண்ணாடிக் கோலை 100 பாகை செல்சியசால் சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் நீளும். இன்றைய ஆய்வுகூடப் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியோ 0.33 மில்லிமீற்றரே நீளும்.

அமெரிக்காவில் இதே தேவை புகையிரதப் பாதையில் எழுந்தது. சூடேறிய சமிக்ஞை விளக்குகளின் கண்ணாடி மழையும் பனியும் பட்டு உடைந்தது. நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் நிறுவனம் அதற்கென விரிவு குறைந்த கண்ணாடியைச் செய்தது. மின்கலச் சாடிகளும் அதில் வார்க்கப்பட்டன. 1913இல் அங்கு பணியாற்றிய பௌதிகவியலாளர் ஜெசி லிட்டில்டனின் மனைவி பெசி, தமது மண் சமையற் பாத்திரம் வெடித்துவிடவே, அந்தக் கண்ணாடியில் சமைக்க முடியுமா என்று கேட்டார். கணவர் அறுத்துக் கொணர்ந்த சாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டார். கேக் சீராக வெந்தது, ஒட்டாமல் வந்தது, வேகும்போதே பக்கங்களைப் பார்க்கவும் முடிந்தது. 1915இல் 'பைரெக்ஸ்' சந்தைக்கு வந்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் கண்ணாடி வராமற்போனபோது ஆய்வுகூடங்களுக்கும் அதுவே கைகொடுத்தது.

1929இல் அதே நிறுவனம் மனையியல் ஆசிரியையாக இருந்த லூசி மோல்ட்பியைப் பணிக்கு அழைத்தது. தட்டுகளின் கைபிடிகள் பிடிப்பதற்குப் போதாமல் சிறியவை என்பதையும், இரண்டு தட்டுகள் போறணையில் அருகருகே அடங்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியவர் அவர். பொருளியலாளரும் பொறியியலாளரும் காணாததைச் சமைத்துப் பார்த்தவர் கண்டார்.

வைத்தியத்துறையில் உள்ள எமக்கு இந்தக் கண்ணாடி அன்றாடத் துணை. ஊசிமருந்துக் குப்பிகளில் மிகத் தரமானவை போரோசிலிக்கேற்றினால் ஆனவை. சாதாரண கண்ணாடியிலிருந்து காரம் மெல்லக் கசிந்து மருந்தைக் கெடுக்கக்கூடும். எனவே அந்தக் கண்ணாடியைச் சிறு மணிகளாக உடைத்து, தூய நீரில் இட்டு, 121 பாகையில் அழுத்தக் கலனில் சூடாக்கி, நீரில் எவ்வளவு காரம் இறங்கியது என்று அமிலத்தால் அளக்கிறார்கள். உடைத்துப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

எமது நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானம் கெட்டிக்காரிகளுக்கு, மனையியல் மற்றவர்களுக்கு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்னும் முற்றாக மறையவில்லை. பைரெக்ஸின் கதையில் அந்தச் சுவர் இல்லை. ஷொட் விரிவை அளந்தார், பெசி கேக் சுட்டார், லூசி கைபிடியைப் பிடித்துப் பார்த்தார், மூன்றும் சோதனையே. நூற்றாண்டு காணும் எமது சங்கத்தில் இரண்டு வகுப்பறைகளிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறோம். அடுத்து வரும் மாணவியரிடம் இரண்டு அறைகளின் கதவுகளையும் திறந்தே விடச் சொல்வோம்.