துணை விண்மீன் மண்டலங்களும் கரும்பொருள் ஹாலோவும்

பெரிய விண்மீன் மண்டலம் ஒன்றின் ஈர்ப்புப் பிடிக்குள் அதைச் சுற்றிவரும் சிறிய மண்டலங்களே துணை விண்மீன் மண்டலங்கள். நமது பால்வெளிக்கு இவை ஐம்பதுக்கு மேல் உண்டு. சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் தென்வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். செகியூ 1 என்ற துணை மண்டலம் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து தரும் ஒளி சில நூறு சூரியன்களுக்குத்தான் ஈடு. பிரகாசமான ராட்சத விண்மீன் ஒன்று தனியாகவே அதை மிஞ்சிவிடும்.

இத்தனை சிறியவற்றை வானியலாளர்கள் விடாமல் தேடுவதற்குக் காரணம் உண்டு: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடைபோட அவை உதவுகின்றன.

1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். சூரியனிலிருந்து தள்ளிப் போகப்போகக் கோள்களின் வேகம் குறைவதுபோல அங்கும் விளிம்பில் வேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஹைட்ரஜன் வாயுவை ரேடியோ தொலைநோக்கிகளால் இன்னும் வெளியே தொடர்ந்து போய்ப் பார்த்தபோதும் அதே கதைதான். சுருள் தட்டைச் சுற்றி, ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளாலான பெரிய உறை (ஹாலோ) ஒன்று இருப்பதாகக் கொண்டால் கணக்கு நேராகிறது. அது எங்கே முடிகிறது? வாயு தீர்ந்துபோன இடத்துக்கு அப்பால் அளந்து பார்க்கத் துணை மண்டலங்களை விட்டால் அதிகம் இல்லை.

அங்கேதான் சிக்கல். தொலைவிலுள்ள சுருள் மண்டலத்தைப் பார்த்தால் துணை ஒன்றோ இரண்டோதான் தட்டுப்படும். ஒரு சுற்று முடியப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால் பாதையைப் பின்தொடர வழியில்லை. நிறமாலை காட்டுவதும் நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை மட்டுமே. போதாக்குறைக்கு, பின்னணியில் தற்செயலாக நிற்கும் மண்டலமும் துணைபோல் வேடமிடும். டென்னிஸ் ஸாரிட்ஸ்கி, சைமன் ஒயிட் முதலானோர் 1990களில் கையாண்ட வழி எளியது, சற்றுத் துணிச்சலானதும்கூட. ஒத்த சுருள் மண்டலங்கள் பலவற்றின் துணைகளைத் திரட்டி, எல்லாம் ஒரே மண்டலத்தைச் சுற்றுவதாகப் பாவித்துக் கணக்கிட்டார்கள். 1993ஆம் ஆண்டு ஆய்வில் 45 மண்டலங்கள், 69 துணைகள். ஹாலோ ஆறு லட்சம் ஒளியாண்டுவரை நீள்வதாகவும், அதன் நிறை லட்சம் கோடி சூரியன்களைத் தாண்டுவதாகவும் தெரியவந்தது. பால்வெளித் தட்டின் ஆரமோ சுமார் 50,000 ஒளியாண்டுதான். பின்னர் ஸ்லோன் வானளவையிலிருந்து சுமார் 3,000 துணைகளை எடுத்து 2003இல் நடந்த ஆய்வு, வெளியே போகப்போக அவற்றின் வேகம் தணிவதைக் கண்டது.

1999இல் கரும்பொருளின் கணினி மாதிரிகள் வேறொரு வழக்கைக் கிளப்பின. பால்வெளிக்கு நூற்றுக்கணக்கில் துணைகள் இருக்க வேண்டும் என்றன. அப்போது தெரிந்தவை ஒரு டஜன் அளவே. 2005 முதல் ஸ்லோன் படங்களில் மங்கலான குறுமண்டலங்கள் ஒவ்வொன்றாக அகப்பட, பற்றாக்குறை பெரிதும் தணிந்தது. எஞ்சிய பற்றாக்குறைக்கு, மிகச் சிறிய ஹாலோக்களில் வாயு தங்காததால் விண்மீன்களே பிறக்கவில்லை என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

தீராமல் நிற்பது துணைகளின் அணிவகுப்பு. ஆண்ட்ரோமீடாவின் 27 துணைகளில் 15, மெல்லிய தளம் ஒன்றில் அமைந்திருப்பதை 2013இல் ரோட்ரிகோ இபாட்டா குழு காட்டியது. அந்த 15இல் 13 ஒரே திசையில் சுற்றுவதுபோல் நகர்கின்றன. ஹாலோ முழுவதும் இறைந்து கிடக்க வேண்டியவை ஏன் வரிசை கட்டுகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.