எரிந்த திகதி தெரியும், காசு சேர்த்த கதை தெரியுமா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் எண்டதும் எங்கள் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது 1981 மே 31 இரவுதான். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோயின. இதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த நூலகம் எப்படி வந்தது எண்டு கேட்டால் எங்களில் பலருக்குப் பதில் வராது. அரசாங்கம் கட்டினது, இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது எண்டு நினைக்கிறவர்களும் இருக்கினம். உண்மையில் அது ஒரு தனிமனிதரின் வீட்டில் தொடங்கி, ஒரு குழுவின் கைக்குப் போய், ஊர்க்காசில் வளர்ந்த நூலகம்.

அந்த மனிதர் க. மு. செல்லப்பா. 1933இல் தன்னிடம் இருந்த புத்தகங்களைத் தன் வீட்டிலேயே மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்தில் ஒரு இலவசத் தமிழ் நூலகம் வேணும் எண்டு பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தமிழ் நூலகத்துக்கான அந்த வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் பதவியும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களை எட்டுவதற்கு ஆங்கிலம்தான் வழி. ஆரிடம் கேட்கிறோம் எண்டு தெரிந்து கேட்டிருக்கிறார்.

1934 ஜூன் 9இல் யாழ். மத்திய கல்லூரியில் கூட்டம் நடந்து ஒரு குழு அமைந்தது. மாவட்ட நீதிபதியாக இருந்த குமாரசுவாமி தலைவர், செல்லப்பா செயலாளர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தது. அப்போது இருந்த நூல்கள் 844. இண்டைக்கு எங்கட ஊர் வாசிகசாலைகள் சிலவற்றிலேயே அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேணும். புத்தகம் கொடுப்பது ஒரு நாள் வேலை. வாடகை மாதா மாதம் வரும். பத்திரிகை நாளாந்தம் வரும். விளக்குக்கும் செலவு, கூட்டித் துடைக்கவும் ஆள் வேணும். நல்ல மனம் படைத்த ஒருவர் தன் வீட்டில் நடத்தும்வரை இந்தச் செலவெல்லாம் வெளியில் தெரியாது. வெளியில் வந்த உடனே கணக்கு வேணும், கணக்குக் காட்ட ஒரு குழு வேணும். அடுத்த ஆண்டே, 1935இல், நூலகத்தின் பொறுப்பு பட்டினசபைக்குப் போனது. பொதுக்காசில் தொடர்ந்து நடக்கிற ஒரு நிறுவனமாக அது மாறியது இப்படித்தான்.

ஐம்பதுகளில் பெரிய கட்டடம் கட்டும் யோசனை வந்தபோதும் திரும்ப ஊரிடமே போனார்கள். மாநகர முதல்வர் சாம் சபாபதியும் புனித பத்திரிசியார் கல்லூரி லோங் அடிகளாரும் அந்த முயற்சியில் முன்னுக்கு நின்றவர்கள். களியாட்ட விழா நடத்தினார்கள், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள். வெளிநாட்டுத் தூதரகங்களிடமும் உதவி பெற்றார்கள். பிறகு அடிக்கல் நாட்டப்பட்டது. நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். 1959 ஒக்டோபர் 11இல் அப்போதைய முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்து வைத்தார்.

அடிக்கலுக்கும் திறப்புக்கும் இடையில் பல வருசம். களியாட்ட விழாவுக்குப் போய்ச் சீட்டு வாங்கின சனத்தில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்காது, சிலருக்கு வாசிக்கவே தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. 1981இல் எரிந்தபோது ஊர் பட்ட வலிக்கு இதுவும் ஒரு காரணம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். எரிந்த ஓலைச்சுவடிகளைப் பற்றி அறிஞர்கள் அழுதார்கள். சுவடியே பார்த்திராத சனமும் சேர்ந்து அழுதது.

அடுத்த வருசமே, 1982இல், நூலக வாரம் நடத்தி மக்கள் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் சேர்த்தார்கள். 1984இல் திருத்திய பகுதி இயங்கத் தொடங்கியது. பிறகு போர் அதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் எரிந்த ஒரு வருசத்துக்குள் ஊர் திரும்பவும் சேர்க்கத் தொடங்கியது எப்படி? சேர்க்கத் தெரிந்திருந்தது. கேட்கிறவருக்கும் கூச்சமில்லை, கொடுக்கிறவருக்கும் புதிசில்லை. மரபு எண்டு நாங்கள் சொல்லும்போது இந்தப் பழக்கத்தையும் அதில் சேர்க்க வேணும்.

இப்ப எங்கட நிலைமையைப் பாருங்கோ. சனசமூக நிலையத்துக்குக் கூரை போட வேணும் எண்டால், வெளிநாட்டில் உள்ள ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். காசு ஒரு கிழமையில் வந்துவிடும், சுவரில் ஒரு பெயர்ப்பலகை ஏறும். அந்த உதவியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை, அது இல்லாமல் பல கிராமங்கள் எழும்பியே இராது. ஆனால் ஊரில் ஒருவரும் ஐம்பது ரூபாகூடப் போடாத கட்டடத்தில், கதவு உடைந்தால் ஆர் கேட்பார்கள்? கணக்கை ஆரிடம் காட்டுவார்கள்? காசு தூரத்திலிருந்து வந்தாலும், வீடு வீடாகப் போகிற வேலையைக் கைவிடக் கூடாது. பற்றுச்சீட்டோடு வாசலில் நிற்கும்போதுதான், இந்தக் கட்டடம் என்னத்துக்கு எண்டு ஊருக்கு விளக்கிச் சொல்ல வேண்டி வருகிறது.

எங்களால் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. உங்கட ஊர் வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் எதுவாக இருந்தாலும், பழைய கூட்ட அறிக்கைப் புத்தகம், நன்கொடைப் பட்டியல், ஆண்டு மலர் எங்கேயாவது அலுமாரிக்குள் கிடக்கும். கறையான் தின்ன முதல் அதைத் தேடி எடுங்கோ. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வருடி இலவசமாக வாசிக்கத் தருகிறது. எங்கட ஊர்ப் பட்டியலும் அதில் ஏறட்டும். அதில் இரண்டு ரூபா கொடுத்தவரின் பெயரும் இருக்கும்.