வாசற்படியில் மறைக்கல்வி: நங்கநல்லூரை முன்வைத்து ஒரு வாதம்

முன்னுரை

பிள்ளைக்கு நம்பிக்கையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் ஆள் யார் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இரண்டு கருத்து கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. 1969இல் சீரமைக்கப்பட்ட குழந்தைத் திருமுழுக்குச் சடங்கு, அதுவரை ஞானப்பெற்றோர் பதில் சொல்லிவந்த இடத்தில் பெற்றவர்களை முன்னிறுத்தி, பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று அவர்களிடமே கேட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 774ஆம் சட்டம், சொல்லாலும் வாழ்க்கை முன்மாதிரியாலும் பிள்ளைகளை உருவாக்குவது மற்ற எவருக்கும் முன்பாகப் பெற்றோரின் கடமை என்கிறது.

ஏடு இப்படிச் சொன்னாலும், நடைமுறையில் மறைக்கல்வி என்றால் ஞாயிறு திருப்பலியையொட்டி நடக்கும் வகுப்புதான். வீட்டுக்கு எஞ்சியிருப்பவை மாலைச் செபமும் செபமாலையும். குடும்பங்கள் முன்போல் செபிப்பதில்லை என்பதே இதுபற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ்க் கத்தோலிக்க மரபில் ஓதுவது வீட்டின் வேலையாகவும், விளக்குவது உபதேசியாரின் வேலையாகவும் இருந்தன. இரண்டையும் ஊர் சேர்த்துத் தாங்கியது. சென்னைப் புறநகரில் அந்த ஊரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. விளக்கும் வேலையையும் வீடே ஏற்காவிட்டால் ஓதுதலும் நிலைக்காது.

1. ஓதிய ஊர்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களின் துணையோடு விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. கற்ற செபங்களைப் பிள்ளைகள்தாம் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகள் அழைத்தபோது அவருக்குப் பதிலாகப் போய்ச் செபம் சொன்னவர்களும் அவர்களே. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ற ஒரே திசையில் நம்பிக்கை பாய்கிறது என்னும் இன்றைய எண்ணத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கத்தின் தொடக்கமே இடம் தரவில்லை.

ஆனால் ஓதுதலோடு அந்த மரபு நின்றுவிடவும் இல்லை. அண்ட்ரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தை அடுத்து, 1579இல் கொச்சியில் வெளியிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் கேட்டுச் சொல்லும் உரையாடலாகவே அமைந்தது. இந்த விளக்கப் பணியை ஊர் ஊராகச் செய்தவர் உபதேசியார். குரு இல்லாத நாளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது, சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் நிற்பது எல்லாம் அவர் கடமைகள். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார் என்பதிலிருந்து அப்பணியின் எடை விளங்கும். வீட்டில் செபம் ஓதிய பாட்டிக்கு அதன் விளக்கம் தெரியாமல் இருந்திருக்கலாம். கேட்பதற்கு ஓர் ஆள் தெருவில் இருந்தார்.

2. வகுப்பு வந்த விதம்

இன்றைய ஞாயிறு வகுப்பின் உலகளாவிய வடிவத்துக்குப் பெரிதும் காரணமானது, திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905 ஏப்ரல் 15இல் வெளியிட்ட சுற்றுமடல். ஞாயிறுதோறும் கடன்திருநாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும்படி அது எல்லாப் பங்குத்தந்தையருக்கும் கட்டளையிட்டது. அதே மடல், மறையுரைக்குப் புறம்பாகப் பெரியவர்களுக்கும் தனியே மறைக்கல்வி நடத்தச் சொன்னது. முதல் கட்டளை வேர்பிடித்தது. இரண்டாவது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. விளைவு நாம் பார்ப்பதுதான். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் பிள்ளையைத் தயாரிப்பது வகுப்பு. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது பெற்றோர். அவர்களுடைய சொந்த மறையறிவோ தங்கள் உறுதிபூசுதலோடு நின்றுபோயிருக்கிறது.

1979இல் இரண்டாம் ஜான் பால், குடும்ப மறைக்கல்வி மற்றெல்லா வடிவங்களுக்கும் முந்தியது, அவற்றோடு உடன்வருவது, அவற்றை வளப்படுத்துவது என்று எழுதினார். பெற்றோருக்கு ஒன்றும் கொடுக்காமல் அவர்களிடமிருந்து இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

3. நங்கநல்லூரில் கேட்கப்படும் கேள்வி

தூத்துக்குடிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ கோயில் மணியும் கொடியேற்றமும் சப்பரமும் ஊர் முழுவதற்கும் பொது. நங்கநல்லூரில் குடியேறும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நிலைமை வேறு. இது 32 அடி ஒற்றைக்கல் ஆஞ்சநேயரும் இராஜராஜேஸ்வரியும் ஐயப்பனும் குருவாயூரப்பனும் குடிகொண்ட ஊர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கள் தளத்தில் சிலுவை மாட்டிய கதவு தங்களுடையது ஒன்றுதான் என்ற நிலையில் குடும்பங்கள் வாழ்கின்றன. கிறிஸ்துமஸ் கேக் எதிர்வீட்டுக்குப் போகிறது. நவராத்திரிச் சுண்டல் அங்கிருந்து வருகிறது.

ஒரு சனிக்கிழமை. எதிர்வீட்டு மாமி ஆஞ்சநேயருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து நான்கு வடையை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுக்கிறார். கதவு சாத்தியதும் பிள்ளை கேட்கிறது: “அம்மா, இதை நாம சாப்பிடலாமா?” இரண்டு பதில்கள் வழக்கத்தில் உண்டு. “சாமிக்குப் படைச்சது, வேணாம், வை” என்பது ஒன்று. “சாப்பிடு, அதிலென்ன இருக்கு” என்பது மற்றொன்று. முதலாவது பயத்தைக் கற்றுக்கொடுக்கிறது, இரண்டாவது அலட்சியத்தை. காரணம் இரண்டிலும் இல்லை.

இது கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் புனித பவுலிடம் கேட்ட கேள்வியேதான். அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10ஆம் அதிகாரங்களில் அவர் விரிவாகப் பதில் சொல்கிறார். உணவு தன்னளவில் எவரையும் கடவுளிடம் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை. பிற வழிபாட்டில் பங்கேற்பது வேறு, ஒருவர் அன்போடு பரிமாறுவதை உண்பது வேறு. என் உரிமை இன்னொருவரின் மனச்சான்றைக் காயப்படுத்துமானால் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொல்லும்போது அவர் மனச்சான்றை முன்னிட்டு உண்ணாதிருக்கவும் பவுல் சொல்கிறார். எனவே இரண்டு கத்தோலிக்க வீடுகள் இரண்டு முடிவுக்கு வரலாம். இதனோடு 1965ஆம் ஆண்டுச் சங்க ஏடு, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று சொன்னதையும் சேர்த்தால், மாமியைப் பற்றி வீட்டுக்குள் இளக்காரமாகப் பேசக் கூடாது என்பதும் பாடமாகிறது. சமூக வழக்கம் எது, வழிபாடு எது என்று பிரித்துப் பார்க்கும் இதே முயற்சிக்காகத்தான் மதுரையில் இயேசு சபைத் துறவி தத்துவ போதகர் பல்லாண்டு வழக்காடினார். பூணூல், சந்தனம் போன்றவற்றுக்கு 1623இல் உரோமையின் அனுமதியும் பெற்றார். ஒரு வடையை முன்னிட்டுத் திருமுகம், சங்கம், மதுரை மிஷன் மூன்றையும் பிள்ளையிடம் ஐந்து நிமிடத்தில் பேசலாம்.

4. மலைமேல் ஒரு சிலுவை

நங்கநல்லூரை அடுத்துள்ள பரங்கிமலைக்குத் தவக்காலத்தில் குடும்பமாகப் போய்ச் சிலுவைப்பாதை செய்துகொண்டே ஏறுவது வழக்கம். உச்சியில், 1547இல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது. அது திருத்தூதர் தோமையாரே செதுக்கியது என்று பிள்ளைகளிடம் சொல்வது பெற்றோருக்கு எளிது. ஆனால் அதைச் சுற்றியுள்ள எழுத்து பாரசீகத்தின் பகலவி எழுத்து. 1873இல் ஆய்வாளர் பர்னல் அதை ஆராய்ந்து 7, 8ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியதாகக் கருதினார். தோமையார் இங்கே வந்தார் என்பது நெடுங்கால மரபு. பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் இக்கரையில் வழிபட்டதற்குக் கல்லே சான்று. இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல. ஐதீகத்தை வரலாறென்று கேட்டு வளரும் பிள்ளை, பதினாறு வயதில் கைப்பேசியில் இதைப் படிக்கும்போது சிலுவையை மட்டும் சந்தேகிப்பதில்லை. அதைச் சொன்ன வாய் சொன்ன எல்லாவற்றையும் சந்தேகிக்கிறது. விளக்கம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அறத்துக்கான நிபந்தனை மட்டுமல்ல, கையளிப்பு நிலைப்பதற்கான நிபந்தனையும்கூட.

5. மறுப்புகள்

பெற்றோர் இறையியலாளர் அல்லர் என்பது முதல் மறுப்பு. தேவை இறையியல் பட்டம் அல்ல. “தெரியாது, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லி விவிலியத்தைத் திறக்கும் வழக்கம் போதும். சவேரியார் காலத்தில் பிள்ளையிடம் கற்றுக்கொண்ட தாய்க்கு அது இழுக்காகத் தோன்றவில்லை.

இரண்டாவது, கலப்புமணம். 1970க்கு முன் கத்தோலிக்கரல்லாத துணையும் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பின், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் மட்டுமே வாக்களிக்கிறார். மற்றவருக்கு அது தெரிவிக்கப்படுகிறது. இங்கே ஓதுதலை மட்டும் வற்புறுத்துவது வீட்டை இரண்டாக்கும். காரணத்தோடு பேசுவதற்கு மற்றவரும் செவிகொடுக்க முடியும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது: குடும்பம் நல்லதை மட்டும் கையளிப்பதில்லை. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறு வகுப்பில் படித்த பெண், தனக்கு வரன் பார்க்கும்போது வீட்டார் முதலில் கேட்பது சாதியை என்று காண்கிறாள். இதுவும் வீட்டு மறைக்கல்விதான், எந்தப் பாடநூலையும்விட ஆழமாகப் பதிவது. ஆகவே இல்லத் திருச்சபை என்ற பெயராலேயே வீடு புனிதமாகிவிடாது. நற்செய்தியின் முன் தன் பழக்கங்களுக்கும் அது காரணம் சொல்ல வேண்டும். ஓதுதலால் இந்தக் கேள்வியைத் தொட முடியாது, விளக்கத்தால் முடியும்.

முடிவு

நடைமுறையில் மூன்றைப் பரிந்துரைக்கலாம். புதுநன்மை ஆண்டில் பிள்ளைக்கு நடக்கும் வகுப்புக்கு இணையாகப் பெற்றோருக்கும் வகுப்பு வேண்டும். 1905இல் இட்ட கட்டளையின் மறந்த பாதி அது. வீடுகளில் கூடும் அன்பியம், செபமாலைக்குப் பின் அந்த மாதம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எடுத்துப் பேசலாம். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் பொதுநிலையினருக்கென நிறுவிய மறைக்கல்வியாளர் திருப்பணியை, வகுப்பறைக்குள் அடைக்காமல் வீடு தேடிப் போகும் பழைய உபதேசியார் பணியாக இங்கே வடிவமைக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. காரணம் கேட்டும் சொல்லியும் பழகிய குடும்பம் பங்கையும் கேள்வி கேட்கும்: கணக்கை, திருவிழாச் செலவை, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குள்ள இடத்தை. அதைத் தொல்லை என்று கருதும் பங்கு, ஓதுகிற குடும்பங்களோடு நிறைவடைந்து, அவர்களுடைய பிள்ளைகளை ஒவ்வொருவராக இழக்கும்.