பாம்புக்கு வழிவிட்ட சாலை



மன்னர் வருகிறார், மந்திரி வருகிறார் என்று சாலையை அடைப்பதைப் பார்த்திருக்கிறோம். பாம்பு வருகிறது என்று அரசாங்கமே சாலையை அடைக்கும் ஊரும் ஒன்று உண்டு. இன்று அந்த வரலாறு.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் ஷானி தேசிய வனம் இருக்கிறது. அதில் லாரூ–பைன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், மறுபக்கம் லாரூ சதுப்பு நிலம். நடுவே சுமார் 4 கிலோமீட்டர் சரளைக்கல் சாலை. ஊரார் அதை 'ஸ்நேக் ரோடு' என்கிறார்கள்.

பாம்பின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும். பாறையின் ஆழமான வெடிப்புகளுக்குள் மட்டும் உறைபனி எட்டாது. அதனால் குளிர் வருமுன் சதுப்பிலிருந்து பாறைக்குப் போகும். வசந்தம் வந்ததும் தவளையும் மீனும் தேடிச் சதுப்புக்குத் திரும்பும். இரண்டு தடவையும் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது வண்டிச் சக்கரத்தில் நசுங்கின.

1972 முதல் வனத்துறை அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்தியது. இப்போது மார்ச் 15 முதல் மே 15 வரையும், செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 30 வரையும் வண்டி போகாது. மனிதர்கள் நடந்து போகலாம்.

ஒரு பாம்பு செத்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு (வாலை ஆட்டிச் சத்தம் எழுப்புமே, அதுதான்) பல வருடம் வளர்ந்த பிறகே முதல் குட்டிகளை ஈனும். அதன்பின்னும் வருடாவருடம் ஈனாது. ஒரு தாய்ப்பாம்பு நசுங்கினால் அந்த இழப்பு ஈடாக வெகுகாலம் ஆகும்.

அதே நாட்டில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் ஆண்டுதோறும் கிலுகிலுப்பைப் பாம்பு வேட்டைத் திருவிழா நடக்கிறது. பொந்துக்குள் பெட்ரோல் விட்டுப் பாம்பை வெளியேற்றும் பழக்கமும் இத்தகைய வேட்டைகளில் உண்டு. பிடித்துவந்து, கொன்று, தோலுரித்து, கறியும் சமைப்பார்கள்.

வெறுப்பவர்களால் மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். பாம்பு, ஆமை, பல்லி என்றால் உயிரை விடும் ஆர்வலர் சங்கங்கள் அங்கே ஏராளம். முன்பெல்லாம் அவர்களில் பலர் கொக்கிக் கம்பும் துணிப்பையும் எடுத்துக்கொண்டுதான் காட்டுக்குப் போவார்கள். பிடித்ததை வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பார்கள். வெறுத்தவன் அடித்துக் கொன்றான், விரும்பியவன் பையில் போட்டுக் கொண்டுபோனான். காட்டுக் கணக்கில் இரண்டும் கழித்தல்தான்.

அதனால்தான் ஸ்நேக் ரோட்டில், அனுமதி பெறாமல் யாரும் பாம்பைப் பிடிக்கக்கூடாது, கையாளக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வார இறுதியில் ஆர்வலர்கள் வருகிறார்கள். அருகிலுள்ள முகாம்களில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பகலில் குழந்தைகளோடு அந்தச் சாலையில் மெதுவாக நடக்கிறார்கள். காட்டன்மௌத் என்ற விஷப்பாம்பு மிரண்டால் வாயைத் திறக்கும். உள்ளே பஞ்சு போல வெள்ளை. விலகி நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வெறுங்கையோடு திரும்பும் அந்த ஆசையைத்தான் நான் முதிர்ந்த ஆசை என்பேன்.

வேட்டைக்காரர்களும் மாறியிருக்கிறார்கள். ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டன் ஊர் 2012இல் தன் பாம்பு வேட்டை விழாவை, பாம்பைக் கொல்லாத வனவிலங்கு விழாவாக மாற்றிக்கொண்டது. விழா நின்றுபோகவில்லை என்று பயந்தவர்களுக்குச் சொல்லும்படி அது தொடர்ந்து நடந்தது.

சட்டம் போட்டு வண்டியை நிறுத்திவிடலாம். மனத்திலுள்ள பயத்தை அப்படி நிறுத்த முடியாது. பத்தடி தள்ளி நின்று, பாம்பு தன் வழியே போவதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை, பிறகு கம்பைத் தேடாது.

செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை குழந்தைகளை அழைத்துப் போய்வாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்