தைலர் நோய்: குதிரைக் கல்லீரல் நோயறிதலின் ஒரு நூற்றாண்டு

ஒரு நோயை இனங்காண்பதற்கும் அதன் காரணத்தை அறிவதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிவதும் உண்டு. குதிரைகளைத் தாக்கும் தைலர் நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கக் குதிரை நோயைத் தடுப்பதற்கு, உயிருள்ள வைரசுடன் எதிர்ப்பாற்றல் பெற்ற குதிரைகளின் சீரமும் ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அவ்வாறு ஊசி பெற்ற குதிரைகள் பல, சில வாரங்களுக்குப் பின் தள்ளாடி, காமாலை கண்டு மாண்டன. சுவிட்சர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் ஆர்னால்டு தைலர் இதனை 1918இல் விவரித்தார். கல்லீரலின் சிதைவைப் பிணப்பரிசோதனையே காட்டியது. மஞ்சள் நிறம் மட்டும் போதிய சான்றன்று. குதிரை உண்ணாதிருந்தாலே அதன் இரத்தத்தில் பிலிருபின் பெருகும். பிற்காலத்தில் இரத்த நொதிச் சோதனையும் திசுச் சோதனையும் உயிருள்ள குதிரையிலேயே நோயறிய வழிவகுத்தன. காரணம் மட்டும் புலப்படவில்லை.

இதையொத்த துயரம் மனிதரிடத்தும் நேர்ந்தது. 1942இல் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களுள் ஏறத்தாழ 50,000 பேருக்குக் காமாலை கண்டது. தடுப்பூசியில் சேர்க்கப்பட்ட மனித சீரத்தின்வழி ஹெபடைடிஸ் பி பரவியிருந்தது. அத்தடுப்பூசிக்குரிய வைரஸ் வகையை உருவாக்கி, 1951இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தைலர், ஆர்னால்டின் மகனாவார்.

2018இல், டெட்டனஸ் எதிர்ப்புச் சீரம் பெற்றபின் இறந்த குதிரையொன்றிலும் அச்சீரத்திலும் புதியதொரு பார்வோ வைரசை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சீரம் பெறாத குதிரைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆயினும், கடந்த வாரங்களில் குதிரைக்கு எது செலுத்தப்பட்டது என்னும் வினா, இரத்தச் சோதனைக்கு நிகரான நோயறி கருவியாகும். காக்கும் மருந்தின் வரலாற்றையும் ஆராய வேண்டும் என்பதே இந்நூற்றாண்டு உணர்த்தும் பாடம்.