சாகர் சக்தியும் மிதவைக் காற்றாலையும்: நிறுவுமுறை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மிதவைக் காற்றாலையின் வரலாறு பொறியின் வரலாறு மட்டுமன்று. அதனைக் கடலில் நிறுவும் முறையின் வரலாறுமாகும். தமிழகக் கடலில் இதற்கு முன்சான்று உண்டு. 2000களின் தொடக்கத்தில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், கடல்நீரின் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் பெற, ‘சாகர் சக்தி’ மிதவைக் கலத்தைத் தூத்துக்குடிக்கு அப்பால் நிறுத்த முனைந்தது. ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளக் குளிர்நீர்க் குழாயை நடுக்கடலில் இறக்கும் பணியிலேயே திட்டம் தடைப்பட்டது. அதே கலம் 2007இல் சென்னைக்கு அப்பால், குறைந்த நீளக் குழாயுடன் கடல்நீரைக் குடிநீராக்கியது.

2017இல் இயங்கத் தொடங்கிய ஸ்காட்லாந்தின் ஹைவிண்ட் காற்றாலைகளோ நார்வேயின் அமைதியான கடற்கழியில் முழுமையாகப் பொருத்தப்பட்டு, நிமிர்ந்தவாறே இழுத்துச் செல்லப்பட்டு, நங்கூரச் சங்கிலிகளில் பிணைக்கப்பட்டன. திறந்த கடலில் செய்யும் பணியைக் குறைத்ததே இம்முறையின் அடிப்படை. எனவே தமிழகத்தின் மிதவை அடித்தள ஆய்வு, சாகர் சக்தியின் தோல்வியையும் தன் முன்வரலாறாகக் கொள்ளுதல் வேண்டும்.